மலையின் நடுவே ஒரு கோடு

தமிழகத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, ஆத்தூருக்கு வடக்கே, கல்வராயன் மலை என்று எழுதியிருக்கும். மலை ஒன்று. அதில் வாழ்வோரில் பெரும்பாலோர் ஒரே இனத்தவர். சட்டத்தின் ஏட்டிலே 'மலையாளி' என்று பெயர் பெற்ற பழங்குடியினர். பேசும் மொழி தமிழ். விளைவிப்பது சாமை, தினை, மரவள்ளி, பொறுக்குவது கடுக்காய். வழியில்லாக் கொடுமையும், மருத்துவமனைக்கு நோயாளியைச் சுமந்து இறங்கும் வேதனையும் இரு பக்கமும் உண்டு. ஆனால் அந்த மலையின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டம். அந்தப் பக்கம் கருமந்துறை; சேலம் மாவட்டம். கருமந்துறைக்காரர் சட்டமன்றத்துக்கு வாக்களிப்பது ஏற்காடு தொகுதியில். அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. கரியாலூர்க்காரர் வாக்களிப்பது சங்கராபுரம் தொகுதியில். அது பொதுத் தொகுதி. அண்ணன் வீட்டு வாக்கு ஒரு பழங்குடி உறுப்பினரைக் கோட்டைக்கு அனுப்புகிறது. தம்பி வீட்டு வாக்கு சமவெளியின் பெருங்கூட்டத்தில் பெருங்காயம்போல் கரைந்துவிடுகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவினர்கள், ஒரே நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்லும் குடிமக்கள். ஆனாலும் ஒருவர் வாக்குக்கு ஒரு எடை, மற்றவர் வாக்குக்கு வேறொரு எடை!

இது தலையெழுத்தா? முன்பிறவியின் பயனா? குன்றையும் ஓடையையும் இயற்கை அமைத்தது. தொகுதியை மனிதன் அமைத்தான். மனிதன் போட்ட கோட்டை மனிதன் அழிக்கலாம், மாற்றலாம். ஆகவே, கோடு போடும் கை யாருடையது, எந்த விதிப்படி அது நகர்கிறது, யாருடைய குரல் அதன் காதில் விழுகிறது என்று கேட்பது நமது கடமை. தேர்தல் நாளன்று மட்டும் விழித்து, மற்ற நாளெல்லாம் உறங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வறண்டதாகத் தோன்றலாம். பெட்டியில் வாக்கு விழுமுன்பே வாக்கின் விதி பாதி முடிவாகிவிடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

கோடு போடும் வேலையை ஆள்வோர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி. தம் கட்சிக்கு வாய்ப்பாக வரையப்பட்ட ஒரு வரைபடத்துக்கு அவர் கையொப்பமிட்டார். அதிலே ஒரு தொகுதி பல்லியைப் போல் வாலும் காலுமாக நெளிந்தது. பத்திரிகைக்காரர்கள் அவர் பெயரையும், பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்னும் உயிரின் பெயரையும் பிணைத்து 'ஜெரிமாண்டர்' என்று ஒரு வசைச் சொல்லைப் பிறப்பித்தார்கள். ஆளுநர் மறைந்தார், சொல் மறையவில்லை. சனநாயகத்தின் தாய் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் இங்கிலாந்திலோ, ஓல்டு சேரம் என்ற பாழ்மேடு 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்தவர் எவருமில்லை எனலாம். அதே நேரத்தில் ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த மாஞ்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் இல்லை. இத்தகைய அவலங்களைப் பட்டு, உணர்ந்து, திருந்தித்தான் 1944-இல் நிலையான எல்லை ஆணையங்களை அந்நாடு சட்டத்தால் அமைத்தது.

இந்தியாவும் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்றது. முதற் பொதுத்தேர்தலுக்கான தொகுதிகள் குடியரசுத் தலைவரின் ஆணைகளால் வகுக்கப்பட்டுப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. உறுப்பினர்கள் தத்தம் தொகுதியைத் தாமே திருத்த வந்தால், பந்தியில் பரிமாறுபவனே இலைபோட்டு உட்கார்ந்த கதைதான். 1952-இல் சட்டம் வந்தது. தொகுதி வரையறை ஆணையம் என்ற தனி அமைப்பு வந்தது. 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நான்கு முறை அத்தகைய ஆணையங்கள் அமைந்தன. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணையத்துக்கு உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைவர். 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த ஆணையத்தின் வரைபடமே கரியாலூரைச் சங்கராபுரத்தோடும் கருமந்துறையை ஏற்காட்டோடும் வைத்திருப்பது.

தனி ஆணையம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. அமைச்சர்களின் அறையில் வரையப்படும் வரைபடத்தைவிட நீதிபதியின் மேசையில் வரையப்படும் வரைபடம் மேலானது. ஆயினும், 'தனி ஆணையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டதால் மட்டும் நீதி வந்து குடியேறிவிடுமா? பலகையை விட்டு உள்ளே நுழைந்து பார்ப்போம்.

ஆணையத்தில் மூவர். உச்சநீதிமன்றத்தில் நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைவர். தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவர். மாநிலத் தேர்தல் ஆணையர் ஒருவர். இவர்களுக்குத் துணையாக ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மக்களவை உறுப்பினர் ஐவர், சட்டமன்ற உறுப்பினர் ஐவர். துணை உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் வாய் உண்டு. வரைவு உருவாகும்போதே அருகில் அமர்ந்து, இந்தச் சிற்றூரை இங்கே சேர்க்கலாம், அந்த ஊராட்சியை அங்கே தள்ளலாம் என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. அந்த மேசையில் உட்காரும் பத்துப் பேரும் ஏற்கனவே வென்றவர்கள், பழைய கோட்டின் பயனைத் துய்ப்பவர்கள். தனக்கென ஓர் உறுப்பினரையே அனுப்ப இயலாத கரியாலூருக்கு அந்த மேசையில் நாற்காலி எங்கிருந்து வரும்? குரலில்லாதவன் குரல் கேட்க வேண்டுமானால், அவன் முதலில் குரலுள்ளவனாக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

வரைவு வெளிவந்த பிறகு மக்கள் ஆட்சேபணை சொல்லலாம். ஆணையம் வெளிப்படையாக அமர்ந்து கேட்க வேண்டும் என்கிறது சட்டம். எத்தனை இடங்களில்? ஓர் இடமோ பல இடங்களோ, தக்கது என ஆணையம் எண்ணுகின்ற அளவில்! ஒரு மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒரு நகரத்தில் அமர்ந்து எழுந்தாலும் சட்டத்தின் பசி தீர்ந்துவிடும். கச்சிராயப்பாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி சென்று, பேருந்து மாறி, பெருநகரம் சேர்ந்து, ஆங்கிலத்தில் அச்சான வரைவை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, மனு எழுதிக் கொடுத்து, கூலியிழந்து திரும்ப வேண்டும் மலைவாழ் குடியானவன். கேட்கும் கடமை ஆணையத்துக்கு; நடக்கும் கடமை மட்டும் அவனுக்கா?

அடுத்தது, சட்டம் சொல்லும் அளவுகோல். தொகுதிகள் இயன்றவரை நிலத்தால் ஒட்டியிருக்க வேண்டும். இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருதவேண்டும். பழங்குடியினர்க்கான தொகுதியோ, அவர்களின் விகிதம் மிகுதியாக உள்ள இடத்தில் இயன்றவரை அமையவேண்டும். நல்ல விதிகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் அரியணையில் ஏற்றி, மற்றவற்றை வாயிற்படியில் நிறுத்திவிட்டார்கள். அரியணை ஏறியது நிர்வாக எல்லை! சட்டமன்றத் தொகுதி ஒரு மாவட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்ற நெறியை ஆணையம் கைக்கொண்டது. அவ்வளவுதான், மாவட்ட எல்லை வாக்கின் எல்லையாயிற்று.

அந்த மாவட்ட எல்லை எப்படி வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் இம்மலையின் ஒரு பகுதி தென்னார்க்காட்டில், மறு பகுதி சேலத்தில். வரி தண்டவும் காவல் புரியவும் அவனுக்கு வசதியாக வகுத்த பிரிவு அது. வெள்ளையன் வெளியேறினான். 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் பிறந்தது. 2019-இல் விழுப்புரம் பிரிந்து கள்ளக்குறிச்சி பிறந்தது. மாவட்டத்தின் பெயர் மாறிற்று, தலைநகர் மாறிற்று, ஆட்சியரின் முத்திரை மாறிற்று. மலையின் நடுவே போன கோடு மட்டும் மாறவில்லை. அன்னியன் போட்ட கோட்டுக்கு நாம் பொட்டு வைத்துப் பூச்சூட்டிக் காத்து வருகிறோம்.

சரி, எல்லையைத் தாண்டவே கூடாது என்பது அசையாத கொள்கையா? அப்படியானால் தலைவணங்கிவிட்டுப் போகலாம். பாருங்கள்: ஏற்காடு தொகுதியில் சேர்வராயன் மலையும் உண்டு, கல்வராயனின் சேலம் பக்கமும் உண்டு. இரண்டுக்கும் இடையே வாழப்பாடிச் சமவெளி. சமவெளியைத் தாண்டிப்போய் ஒரு மலையை இன்னொரு மலையோடு இணைக்கக் கோட்டுக்குக் கால் இருந்தது. அடுத்த சரிவில் இருக்கும் கரியாலூரை எட்டிப் பிடிக்க மட்டும் கால் மடங்கிவிட்டது! இன்னும் வேடிக்கை கேளுங்கள். அதே ஆணையம் வகுத்த கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகியவற்றோடு கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகியவையும் அடக்கம். டில்லிக்கு உறுப்பினரை அனுப்பும்போது கரியாலூரும் கருமந்துறையும் ஒரே தொகுதி. சென்னைக்கு அனுப்பும்போது வெவ்வேறு தொகுதி. மாவட்ட எல்லை என்ற மதில், மக்களவைக்கு வாசலாகத் திறக்கிறது. சட்டமன்றத்துக்குச் சுவராக மூடிக்கொள்கிறது. 2022-இல் காஷ்மீரில் என்ன செய்தார்கள்? பீர் பாஞ்சால் என்னும் மாபெரும் மலைத்தொடரின் அப்பால் இருக்கும் ரஜௌரியை இப்பால் இருக்கும் அனந்தநாகோடு சேர்த்து ஒரே மக்களவைத் தொகுதி ஆக்கினார்கள். பனிமலையைத் தாண்ட முடிந்த பேனா, கல்வராயன் மலையில் தடுக்கி விழுந்ததென்றால் நம்பச் சொல்கிறார்களா?

நிர்வாக எல்லையைப் புனிதமாக்குவதில் இன்னொரு ஆபத்தும் பதுங்கியிருக்கிறது. மாவட்ட எல்லையை வகுப்பது ஆணையமன்று, மாநில அரசு. தேர்தல் ஆணையம் அசாமில் தொகுதிகளை மறுவரையறை செய்யத் தொடங்கிய வேளையில், 2023 சனவரி முதல் நாளிலிருந்து நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்று தடை விதித்தது. முந்தைய நாள், 2022 டிசம்பர் 31 அன்று, அசாம் அமைச்சரவை கூடி நான்கு மாவட்டங்களை அவை பிரிந்து வந்த பழைய மாவட்டங்களோடு இணைத்துவிட்டது! கடை அடைக்கும் நேரத்தில் கல்லாவில் கைவைத்தவனைப் போல! முன்வாசலில் சுதந்திரமான ஆணையம் காவல் நிற்கிறது. பின்வாசல் வழியே அரசு கோடு போட்டுவிட்டுப் போகிறது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பூட்டு. ஆணையத்தின் கட்டளை அரசிதழில் வெளிவந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை. எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. உஜ்ஜயினி நகரத் தொகுதியைத் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கியதை எதிர்த்து மேகராஜ் கோத்தாரி தொடுத்த வழக்கில் 1966-இல் உச்சநீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. தேர்தல் முடிவின்றி வழக்கிலே இழுபடக்கூடாது என்ற காரணம் நமக்கும் விளங்குகிறது. அந்த வழக்கிலே ஒதுக்கீட்டுக்குப் பூட்டு துணை நின்றதையும் மறக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்க முடியாத கட்டளை என்பது, பகுத்தறிவாளர்களாகிய நமக்கு, வேறெங்கோ கேட்ட குரல்போல் ஒலிக்கவில்லையா? சாத்திரம் சொன்னால் கேள்வி கேட்காதே என்றார்கள், கேட்டோம். 2024-இல் உச்சநீதிமன்றமே பூட்டைச் சற்றுத் தளர்த்தி, அரசியல் சட்டத்தின் விழுமியங்களுக்கு மாறாகக் கண்மூடித்தனமாக அமைந்த வரையறையை ஆராயலாம் என்று கூறியிருக்கிறது. வரவேற்கிறோம். அதனினும் மேலானது, வழக்குக்குப் போகும் தேவையே எழாதபடி ஒவ்வொரு கோட்டுக்கும் காரணத்தை ஆணையமே எழுதி வெளியிடுவது.

கரியாலூரின் கதையில் காலமும் ஒரு சதி செய்தது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் ஜமீன்கள் சரிந்தன. இந்த மலையிலோ சடையக் கவுண்டர், ஆரியக் கவுண்டர், குறும்பக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் ஆட்சி நீடித்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த கொடை என்று ஒரு கதை. மன்னன் கொடுத்தானாம், மனிதர்களையும் சேர்த்து! நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் அரசு இம்மலையை நேராக ஏற்றுக்கொண்டது. அதே 1976-இல் டில்லியில் 42-ஆம் திருத்தம் நிறைவேறித் தொகுதிகளை 1971-ஆம் ஆண்டின் கணக்கோடு உறைய வைத்தது. மலை மக்கள் குடிகளாகி வெளிச்சத்துக்கு வந்தார்கள்; வந்த நேரத்தில் வரைபடத்தின் கதவு சாத்தப்பட்டது. மீண்டும் அது திறந்து, புதிய தொகுதிகள் நடைமுறைக்கு வந்தது 2008-இல். திறந்தபோது நடந்தது என்ன? 2001 கணக்கின்படி தமிழகப் பழங்குடியினர் ஆறரை லட்சம்; நூற்றுக்கு ஒருவர். 234 இடங்களில் அவர்கள் பங்கு இரண்டு என்று கணக்கு முடிந்தது. ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியாபுரம் என மூன்றாக இருந்த பழங்குடித் தொகுதிகள் இரண்டாயின. உப்பிலியாபுரம் போயிற்று. மக்களவையிலோ தமிழகத்தின் 39 இடங்களில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டே இடம் என்றால், அந்த இரண்டும் பழங்குடியினரை எவ்வளவு கூடுதலாகத் தம்முள் அணைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அணைக்க வேண்டாமா? ஏற்காட்டிலிருந்து சமவெளி ஊர்கள் சிலவற்றை விடுவித்து, கல்வராயனின் கள்ளக்குறிச்சிப் பக்கத்தைச் சேர்த்தால் மக்கட்தொகையும் சமன்படும், சட்டத்தின் சொல்லும் நிறைவேறும். 'தொலைவு அதிகம், அதிகாரிகளுக்கு இடைஞ்சல்' என்பார்கள். இரண்டு ஆட்சியர்கள் ஒரு தேர்தலுக்காகக் கடிதம் எழுதிக்கொள்வது இடைஞ்சல்; ஒரு குடியினர் தலைமுறை தலைமுறையாகக் குரலற்றிருப்பது இடைஞ்சலில்லை போலும்! 'பொதுத் தொகுதி உறுப்பினரும் மலைக்கு உழைக்கத்தானே செய்கிறார்' என்பார் சிலர். உழைக்கட்டும், தனி மனிதர் எவர்மீதும் நமக்குக் குறையில்லை. ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர் இருக்கும் நாளில், மலையின் வாக்கு தேவைப்படாமலே வெல்லலாம் என்ற நிலையில் உள்ளவரையும், மலையை மதிக்காமல் வெல்லவே முடியாது என்ற நிலையில் உள்ளவரையும் ஒரே தராசில் வைக்காதீர் என்கிறோம். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான் நாட்டின் கண் இம்மலைப் பக்கம் திரும்பியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுக்க நேர்ந்தது. சட்டமன்றத்தில் ஒலித்திருக்க வேண்டிய குரலை நீதிமன்றம் தேடிப்போக வேண்டியிருந்தது.

எண்ணிக்கைக்கு மட்டும் ஆளை எண்ணி, எடைக்கு விட்டுவிடும் வித்தை நமக்குப் புதிதன்று. இலங்கையில் நம் மலையகத் தோழர்களுக்கு அதைத்தான் செய்தார்கள். 1947 தேர்தலில் தொண்டைமான் உள்ளிட்ட உறுப்பினர்களை அனுப்பிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர், 1948, 1949-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டு, 1952-இல் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர். ஆனால் மாகாணங்களுக்கு இடங்களைப் பங்கிடும்போது மட்டும் அவர்கள் தலையும் கணக்கில் வந்தது. தலை அவர்களுடையது, அதனால் பெருகிய இடமோ கண்டிச் சிங்கள வாக்காளருக்கு. கரியாலூரில் வாக்கு பறிக்கப்படவில்லை. அந்தக் கொடுமையும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் சங்கராபுரத்தின் மக்கட்தொகையை நிரப்ப மலையின் தலைகள் பயன்படுகின்றன. முடிவு சமவெளியில் தீர்மானமாகிறது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 1962-இல் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடம், 1967-இல் 39. மக்கட்தொகை மெல்ல வளர்ந்த குற்றத்துக்கு இரண்டு இடம் தண்டம். 2001-இன் 84-ஆம் திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதற் கணக்கெடுப்பு வரை எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. நிறுத்தம் நீங்கினால் தென்னகம் சிறுத்துவிடும் என்று அஞ்சி, 2025 மார்ச் 22 அன்று கேரளம், தெலங்கானம், பஞ்சாப் முதலமைச்சர்களும் கருநாடகத் துணை முதலமைச்சரும் சென்னையில் தமிழக முதலமைச்சரோடு கூடிப் பேசினார்கள். பேசியது சரி. தலை எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் ஆகாது. பெருந்தொகையினர் சிறுதொகையினரை விழுங்க வரைபடம் கருவியாகக் கூடாது. எங்களைக் கலக்காமல் கோடு போடாதே என்பது டில்லியை நோக்கி நாம் எழுப்பும் முழக்கம்.

அந்த முழக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் கரியாலூர் அப்படியே எடுத்து நம்மை நோக்கித் திருப்பலாமே! சென்னையைப் பார்த்து, 'எங்களைக் கலந்தீர்களா?' என்று அந்த மலை கேட்டால், நம்மிடம் என்ன விடை இருக்கிறது? டில்லியிடம் உரிமை கேட்கும் வாய், கரியாலூருக்கு உரிமை வழங்கும் கையோடு சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் டில்லிக்காரன் சிரிப்பான். அவன் சிரிப்பதற்குக் காரணமும் இருக்கும். மாநில சுயாட்சி என்பது கோட்டையோடு நின்றுவிடும் சரக்கன்று. கள்ளக்குறிச்சியைத் தாண்டி மலையேறிக் கரியாலூர் வரை போகவேண்டிய சரக்கு.

கலிபோர்னியாவில் 2008-இல் மக்கள் வாக்களித்துக் குடிமக்கள் ஆணையம் ஒன்றை உண்டாக்கினார்கள். பதினான்கு பேர், இரு பெரிய கட்சிகளுக்கும் ஐவர் ஐவர், எக்கட்சியையும் சாராதவர் நால்வர். பதவியிலிருப்போர்க்கு அங்கே இடமில்லை. 2025-இல் டெக்சாஸ் ஆளுங்கட்சி தனக்கேற்றபடி வரைபடத்தைத் திருத்தியதும், அதற்குப் பதிலடியாக, அதே கலிபோர்னியா மக்களே அந்த ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க நவம்பரில் வாக்களித்தார்கள். நல்ல அமைப்பும் சினத்தின் முன் சாயும். ஆகவே அடுத்த தொகுதி வரையறை ஆணையத்துக்கான சட்டம் எழுதப்படும்போதே நாம் கேட்க வேண்டியவற்றை அழுத்தமாகக் கேட்போம். பதவியிலிருப்போர் மட்டும் துணை உறுப்பினராக இருத்தல் கூடாது. பழங்குடியினரின் சார்பாளர் அந்த மேசையில் அமர வேண்டும். ஆணையம் அமைவதற்கு ஓராண்டு முன்பிருந்தே மாவட்ட எல்லைகள் உறைய வேண்டும். ஒரே குடி இரண்டாகப் பிளக்கும் இடத்தில் மாவட்ட எல்லை வழிவிட வேண்டும். வரைவு தமிழில் வரவேண்டும். மலைத்தொகுதியைப் பற்றிய விசாரணை மலையிலேயே நடக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்கவும் வேண்டாம். கள்ளக்குறிச்சி, ஆத்தூர்ப் பகுதி இளைஞர் மன்றங்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே மலையேறலாம். கோட்டின் இருபுறமும் உள்ள சிற்றூர்களைப் பெயர் பெயராக எழுதுங்கள். எந்த ஊர் எந்த வாக்குச்சாவடிக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறது, எங்கே சந்தைக்குப் போகிறது, எங்கே பெண் கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலை மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். நாம் எழுதிய இந்தத் தீர்ப்பை அவர்கள் மறுத்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். வரைவு அரசிதழில் வந்த பிறகு ஆட்சேபணைக்குக் கிடைக்கும் நாள்கள் கொஞ்சம். ஏடு அதற்கு முன்பே ஆயத்தமாக இருக்கட்டும்.